இரவைக்கு எங்கை படுப்பியள்?

நடந்தது இவ்வளவுதான்:

1. மாமாவுக்கு ஒன்றுக்குப் போவது அடைத்துக்கொண்டது. அவர் அம்மாவின் அண்ணன். வாவிக்கு அந்தப்பக்கம், அம்பிளாந்துறையில் வயல் செய்கிறவர்.
2. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டொக்டரான சேர்ஜன் விரலால் பார்த்துவிட்டு, புரொஸ்டேட் சுரப்பியின் வலப்பக்கம் இறுகியிருக்கிறது, ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.
3. இரவு எங்கே படுப்பீர்கள் என்று கேட்டார். வாவிக்கு இந்தப்பக்கம், குருக்கள்மடத்தில் என்றார் மாமா.
4. அது பொய்.
5. சேர்ஜன் அதை நம்பி, மலவாசல் வழியாக ஊசியைச் செலுத்திச் சதை எடுத்தார்.
6. மாமா அன்று பின்னேரமே வாவியைக் கடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.
7. அடுத்த நாள் விடியும்போது அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அன்று காலை வெடிச்சத்தம் கேட்டபின் வாவியைக் கடக்க ஆமி ஒருவரையும் விடவில்லை.

மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். ஒருவர் இரவில் எங்கே படுக்கிறார் என்பதை வைத்து அவருக்கு எந்த வழியால் ஊசி குத்துவது என்று தீர்மானித்த ஒரு டொக்டர் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்கு முன்பும் பின்பும் அப்படி ஒருவரை நான் காணவில்லை. எழுத வந்தது அவரைப் பற்றித்தான்.

நான் அங்கே ஆய்வுகூடத்தில் வேலை. வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றுவேன். தகடுகளை வாசிக்கிற நிபுணர் கொழும்பில். அவை அங்கே போய் முடிவு திரும்பி வருவது வழியிலுள்ள சோதனைச்சாவடிகளின் மனநிலையைப் பொறுத்தது.

சேர்ஜன் யாழ்ப்பாணத்தார். ஒல்லி, சற்றே கூன். அவர் பயந்தவர். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. அந்த நாட்களில் எல்லாருமே பயந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் நாங்கள் அதை மறைத்தோம். அவருக்கு மறைக்கத் தெரியாது. கிளினிக்கில் கதிரையை ஜன்னலிலிருந்து தள்ளிச் சுவரோரம் போட்டுக்கொள்வார். காரை எப்போதும் வாசலைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். யாராவது கிட்ட வந்தால், கேட்குமுன்பே அடையாள அட்டையை நீட்டிவிடுவார். ஒருநாள் கன்ரீனில் பிளேன்ரீ கேட்கப் போனவர், கன்ரீன்காரரிடமும் நீட்டினார்.

"சேர், தேத்தண்ணிக்கு ஐசி தேவல்ல," என்றார் கன்ரீன்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். சேர்ஜனும் சிரித்துவிட்டு அட்டையைப் பையில் வைத்தார். வைத்தபின்பும் அது இருக்கிறதா என்று சட்டைக்கு மேலால் தொட்டுப் பார்த்தார்.

சத்திரசிகிச்சை நடக்கும்போது மேலே ஹெலிகொப்டர் வந்தால் அவருடைய கை நின்றுவிடும். கத்தியை உடம்பிலிருந்து எடுத்து உயரப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். சத்தம் தேயும்வரை அப்படியே நிற்பார். பிறகு, "கத்தி உடம்பிலை இருக்கேக்கை பயப்படக்கூடாது. அதுதான் வெளியிலை எடுத்துவைச்சுப் பயந்தனான்," என்பார். தியேட்டரில் தாதியரான மிஸிமார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய கையால் வெட்டப்பட்டவர்களில் புண் சீழ்பிடித்தவர்கள் குறைவு என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

நோயாளிகளிடம் அவர் ஒருநாளும் "பயப்படாதேங்கோ" என்று சொன்னதில்லை. "எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்றுதான் சொல்வார். காத்தான்குடி யாவாரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டுக் கிளினிக் சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"டொக்டருக்கே பயமெண்டா நான் வேற ஆளப் பாக்கன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பயமில்லாத ஆக்களத்தான் இஞ்ச நாலு பக்கமும் காணுறமே. நீங்களே செய்ங்க, டொக்டர்."

எனக்கு அவர்மேல் பிரியமா சங்கடமா என்று சொல்லமுடியாது. பயந்த ஒருவரின் பக்கத்தில் நின்றால் நம்முடைய பயமும் எழும்பிவிடும். அவர் ஆய்வுகூடத்துக்குள் வந்தால், நானும் என்னை அறியாமல் ஜன்னலைப் பார்ப்பேன்.

அவர் வருவது சதைத்துண்டுகளைப் பார்க்க. புரொஸ்டேட்டிலிருந்து ஊசி எடுக்கிற துண்டு, சேமியா நூலில் ஒரு நறுக்கு மாதிரி வெள்ளையாக இருக்கும். அது முழுசாக வந்ததா, நொறுங்கி வந்ததா என்று கேட்பார். எந்த வழியால் எடுத்தது என்று முதலில் சொல்லமாட்டார். நான் பார்த்து நல்லது, நொறுங்கல் என்று சொன்னபிறகுதான் சொல்வார். அப்படித்தான் எனக்கு அந்த இரண்டு வழிகளும் விளங்கின.

ஒன்று, மலவாசல் வழி. உள்ளே விட்ட விரலோடு ஒட்டினாற்போல் ஊசியைக் கொண்டுபோய், குடற்சுவரைத் துளைத்துச் சுரப்பியைத் தொடுவது. சுரப்பி அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. விரல் உணர்கிற இறுக்கத்திலேயே ஊசியை இறக்கலாம். வலி தெரியாமல் மரக்கச்செய்யும் விறைப்பு ஊசி அவசியமில்லை. கொஞ்சநேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் குடல் சுத்தமான இடம் அல்ல. முன்னும் பின்னும் மருந்து கொடுத்தாலும், சிலருக்கு அந்த ஊசித்துளையால் கிருமி இரத்தத்தில் ஏறிவிடும். ஏறினால் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ குளிர்ந்து நடுங்கும். நடுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். விடியட்டும் என்று இருக்கமுடியாது.

மற்றது, தோல் வழி. விதைப்பைக்கும் மலவாசலுக்கும் நடுவில் உள்ள தோலை மருந்து பூசித் துடைத்து, அதற்கூடாக ஊசியை நேரே மேலே செலுத்துவது. விரல் உள்ளே இருந்து வழிகாட்டும், அவ்வளவுதான். ஊசி குடலைத் தொடாது. காய்ச்சல் வருவது அரிது. சுரப்பியின் முன்பக்கத்துக்கும் எட்டும். ஆனால் வலி அதிகம். முதுகில் விறைப்பு ஊசி, தியேட்டர், கட்டில் எல்லாம் வேண்டும். பிறகு சிலருக்கு, மாமாவுக்கு நடந்ததுபோல், சலம் அடைத்துக்கொள்ளும்.

கொழும்பில் ஸ்கான் குழாயை உள்ளே விட்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துக் குத்துகிறார்கள் என்றார். எங்களிடம் அது இல்லை. எங்களிடம் அவருடைய விரல் இருந்தது.

"எல்லாருக்கும் தோலாலேயே செய்யலாமே, சேர்?" என்று நான் கேட்டேன்.

"தியேட்டரை ஆர் தாறது, பிள்ளை? செல் விழுந்து காயப்பட்டு வாறவையை வெளியிலை கிடத்திப்போட்டுக் கிழவரின்ரை புரொஸ்டேட்டைக் குத்தட்டோ? விறைப்பு மருந்தும் எண்ணித்தான் வருகுது."

அதனால் அவர் ஆட்களைப் பிரித்தார். நடுங்கினால் உடனே வந்து சேரக்கூடியவர்களுக்கு மலவாசல் வழி. வரமுடியாதவர்களுக்குத் தோல் வழி, வாட்டிலும் மறித்துவைப்பது. எழுவான்கரை, இந்தப்பக்கம் என்றால் ஒன்று; படுவான்கரை, அந்தப்பக்கம் என்றால் மற்றது. வாவிக்கு இந்தப்பக்கம் ஆமி, அந்தப்பக்கம் அவர்களோடு சண்டை பிடிக்கிற இயக்கம். நடுவில் ஓடுகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அது பின்னேரத்தோடு நின்றுவிடும். சில நாட்களில் ஓடவே ஓடாது.

"சேர்ஜனுக்கு வருத்தத்தப் பத்தி யோசின இல்ல, ஆத்தப் பத்தித்தான் யோசின," என்று, வாவியை ஆறென்கிற வாட்டு மிஸி கேலி செய்வா.

கேலியில்லை என்று பிறகு அறிந்தேன். அவர் வந்த புதிதில் கிரானிலிருந்து வந்த ஒருவருக்கு மலவாசல் வழியால் செய்து அனுப்பியிருக்கிறார். ஆளுக்கு நடுக்கம் கண்டபோது றோட்டு மூடிக்கிடந்தது. றோட்டுத் திறந்தபிறகு ஆளைக் கொண்டுவந்தார்கள். கைகால் குளிர்ந்து, நினைவில்லாமல். அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. யார் வந்தாலும், பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார். நிமிர்ந்து முகத்தைப் பார்த்து, உறுதியாக:

"இரவைக்கு எங்கை படுப்பியள்?"

மாமாவிடமும் அப்படித்தான் கேட்டார். மாமா கண்ணை வெட்டாமல் "குருக்கள்மடம், சேர்" என்றார்.

அது எங்கள் வீட்டு விலாசம். அன்றிரவு அங்கே தங்கிவிடுவார் என்று பக்கத்தில் நின்ற நானும் நினைத்தேன். படுவான்கரை ஆட்கள் எல்லாரிடமும் இந்தப்பக்கத்து விலாசம் ஒன்று இருக்கும். மகள் வீடு, தங்கச்சி வீடு, தெரிந்த கடை. ஆமிச் சென்றிச் சாவடியில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். அந்தப்பக்கம் என்று சொன்னால் ஆளை ஓரமாக இருத்திவிடுவார்கள். மாமாவுக்கு அந்தப் பதில் யோசித்துச் சொல்கிறதாக இல்லை, தும்மல் மாதிரி வருவது.

அன்று பின்னேரம் நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது மாமாவின் பை இல்லை.

"வேளாண்மை விளைஞ்சு கிடக்காம். யான வந்திடுமெண்டு கடைசிப் பாதையில போயிட்டார். சோறும் தின்னல்ல," என்றா அம்மா.

எந்த வழியால் செய்தது என்று எனக்குத் தெரியும். துண்டுகளைப் போத்தலில் வாங்கியது நான்தான். நான் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாதை நின்றுவிட்டது. சொல்லி என்ன?

காலையில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் முதல் வேலையாகச் சேர்ஜனிடம் சொன்னேன். அவர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "காய்ச்சல் வராமலும் விடலாம்," என்றார். தன்னிடமே சொன்னார். கொஞ்சநேரத்தில் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினா. தலை சீவாமல், செருப்பு மாறிப் போட்டபடி. முதல் பாதையில் தயிர் கொண்டுவந்த பெண் சொன்னாளாம்: மாமா நடுங்குகிறார், பல் அடிக்கிறது, மகன் வண்டிலில் போட்டுத் துறைக்குக் கொண்டுவருகிறான். அவள் இறங்கிய கையோடு அந்தப்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பாதையை நிற்பாட்டிவிட்டார்கள்.

சேர்ஜன் எழுந்தார். ஊசிமருந்து, சேலைன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். நான் பையின் வாரைப் பூட்டிக் கொடுத்தேன். அம்புலன்சில் அம்மாவும் நானும் பின்னால், அவர் முன்னால். ஒவ்வொரு சென்றியிலும் வாகனம் நிற்குமுன்பே அவருடைய அட்டை ஜன்னலுக்கு வெளியே நீண்டது.

குருக்கள்மடத் துறையில் இறங்கியதும் எனக்குச் சொன்னார்:

"நான் கதைக்கேக்கை குறுக்கை வராதேங்கோ, பிள்ளை. பயம் வந்தால் எனக்கு வாய் நிக்காது."

வாவி வெயிலில் தகரம்போல் கிடந்தது. ஒரு தோணியும் இல்லை. எதிர்க்கரையில் ஒரு வண்டிலும் சில ஆட்களும் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். மண்மூட்டைக்குப் பின்னால் ஒரு கோப்ரலும் துவக்கோடு இன்னும் சிலரும் இருந்தார்கள். அசைகிற எதையும் சுட உத்தரவு என்றார் கோப்ரல். அவர் சிங்களத்தில் பேசினார், எனக்கு விளங்கும். சேர்ஜனுடைய சிங்களம் மருத்துவக் கல்லூரி விடுதியில் பழகியது. இலக்கணம் இல்லாமல், ஐயா என்பதற்கு மாத்தயா போட்டு ஓடும்.

"அந்தப்பக்கம் என் நோயாளி. இரத்தத்தில் கிருமி. இப்போது மருந்து ஏற்றாவிட்டால் செத்துவிடுவார்."

"காயக்காரனா?"

"இல்லை, இல்லை. வயதானவர்."

"காயம் எங்கே?"

"வெளியில் காயம் இல்லை, மாத்தயா."

"காயம் இல்லாமல் எப்படிக் கிருமி? இயக்கத்துக் காயக்காரனைத்தானே கொண்டுவரப் பார்க்கிறாய்?"

ஒரு சிப்பாய் எழுந்து எங்களுக்குப் பின்னால் வந்து நின்றான். அம்மா என் கையைப் பிடித்தா. அவவின் நகம் இறங்கியது. சேர்ஜனுடைய முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டு தெரிந்தது. அவர் பையைக் கீழே வைத்தார். இடக்கையைப் பொத்தி மண்மூட்டையின் மேல் வைத்தார்.

"இது சுரப்பி, மாத்தயா. வாதுமைக்கொட்டை மாதிரி. மூத்திரக்குழாய் இதற்கு நடுவால் போகிறது. இதில் சதை எடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தோலால். இங்கே, விதைப்பைக்குப் பின்னால். அப்படிச் செய்திருந்தால் வெளியில் துளை இருக்கும், உங்களுக்குக் காட்டலாம். நான் அப்படிச் செய்யவில்லை. மற்ற வழியால் செய்தேன்." வலக்கைச் சுட்டுவிரல் பொத்திய கைக்குப் பின்னால் போனது. "விரலை இப்படி உள்ளே விட்டு, விரலோடு ஊசி. இது குடற்சுவர். இதைத் துளைத்து—"

"உள்ளே என்றால் எங்கே?"

சேர்ஜன் சொன்னார். கொச்சையாகத்தான் சொன்னார், அந்தச் சிங்களச் சொல் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். பின்னால் நின்ற சிப்பாய் களுக்கென்று சிரித்துவிட்டான். சேர்ஜன் நிற்கவில்லை. எந்த வழியில் வலி கூட, எதில் இரத்தம் கூட, எதில் துண்டு நொறுங்கும், கொழும்பில் எப்படிச் செய்கிறார்கள், விரலால் செய்தால் முன்பக்கம் ஏன் தப்பிவிடும் என்று போய்க்கொண்டே இருந்தார். கோப்ரல் முதலில் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த விரலைப் பார்த்தார். பிறகு வாவியைப் பார்த்தார்.

"ஹரி டொக்டர், ஹரி ஹரி! சரி, போதும்!"

சேர்ஜன் வாயை மூடினார். விரல் அந்தரத்தில் நின்றது.

கோப்ரல் குரலை மாற்றிக்கொண்டார். "ஊசி குத்தியவன் ஏன் அந்தப்பக்கம் போனான்? எங்கே தங்குவதாகச் சொன்னான்?"

உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டு விலாசம் வெளியே வரும். இந்தப்பக்க விலாசத்தைக் கொடுத்துவிட்டு அந்தப்பக்கம் போகிற ஒருவரை அவர்கள் நோயாளி என்று எண்ணமாட்டார்கள். அவரைத் தங்கவைத்தவர்களையும் சும்மா விடமாட்டார்கள். அம்மா பக்கத்திலேயே நின்றா. சேர்ஜன் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆமி கேட்டால் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிற ஆள்.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றார். "அந்தப்பக்கத்து ஆள் என்று எனக்குத் தெரியும். என் பிழை."

"உன் பெயரை எழுதிக்கொள்வேன்."

"எழுதுங்கள்." அட்டையை நீட்டினார்.

கோப்ரல் வயர்லெசில் பேசினார். ஒரு தோணி, ஒரு துடுப்புக்காரன், ஒரு நோயாளி, வெள்ளைத் துணி. அது புறப்பட்டதிலிருந்து இந்தக் கரையைத் தொடும்வரை துவக்குகள் அதன்மேலேயே இருந்தன. சேர்ஜன் துறையின் நுனியில் போய் நின்றார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். தோணியைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மாமாவின் உதடு கறுத்திருந்தது. தோணிக்குள்ளேயே, தண்ணீரில் நின்றபடி சேர்ஜன் நரம்பைத் தேடி மருந்தை ஏற்றினார். முதல் குத்திலேயே பிடித்தார்.

நாலைந்து நாள் இழுத்துப் பறித்து மாமா தேறினார். எழுந்து உட்கார்ந்த அன்று சேர்ஜன் கட்டிலருகே வந்தார்.

"ஏன் ஐயா எனக்குப் பொய் சொன்னனீங்கள்?"

மாமா தலையைக் குனிந்தார். "சேர், எங்க இருக்காய் எண்டு கேட்டா அப்பிடித்தான் வாயில வருது. யோசிச்சுச் சொல்லல்ல."

"அது ஆமிக்கு. நான் ஆமியே?"

"இல்ல, சேர்." மாமா போர்வையை இழுத்துவிட்டார். "கேட்ட விதம் அப்பிடித்தானே இருந்திச்சு."

பக்கத்துக் கட்டில்காரர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். சேர்ஜன் மாமாவின் நாடியைப் பிடித்தார். எண்ணி முடிந்தபிறகும் கையை விடாமல் நின்றார்.

அதன்பிறகு அவர் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தோல் வழியால்தான் என்றார். முதுகு ஊசி கிடைக்காவிட்டால் தோலை மட்டும் விறைக்கவைத்துச் செய்தார். வலியில் அவர்கள் கத்துவது ஆய்வுகூடம் வரைக்கும் கேட்கும். காய்ச்சல் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால் தியேட்டர் கிடைக்கிற நாட்கள் கொஞ்சம். பெயர் கொடுத்தவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். முறை வருமுன் வீட்டிலேயே முடிந்துபோனவர்களும் உண்டு. அது சரியா பிழையா என்று நான் பலமுறை எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். விடை வரவில்லை.

மாமாவின் துண்டுகளுக்குக் கொழும்பிலிருந்து பதில் வந்தது. புற்று இல்லை, ஆனால் துண்டுகள் போதாது, மறுபடி எடுக்கவும் என்று. சேர்ஜன் தோல் வழியால் எடுக்கத் தேதி கொடுத்தார். அந்தத் தேதிக்கு முன்பே ஒருநாள் துறையிலுள்ள ஆமிக் காம்பிலிருந்து இருவர் வந்து அவரை விசாரித்துவிட்டுப் போனார்கள். விசாரணை அரைமணி நேரமும் இல்லை. அடுத்த கிழமை அவர் லீவு போட்டுக் கொழும்புக்குப் போனார். காரை வாசலைப் பார்த்தபடியே விட்டுவிட்டுப் போனார், அதனால் திரும்பி வருவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். வரவில்லை. கனடா என்கிறார்கள், லண்டன் என்கிறார்கள். எனக்குத் தெரியாது.

அவருடைய இடத்துக்கு இன்னும் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. மாமா உயிரோடு இருக்கிறார், வயல் செய்கிறார். இரண்டாவது முறை சதை எடுக்கப்படவில்லை. இந்த மாதம் இடுப்பெலும்பு வலிக்கிறது, கதிர் கட்டுத் தூக்கியதால் என்கிறார். அது எலும்புக்குப் பரவிய புற்றாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவரைக் கொழும்புக்குக் கூட்டிப்போக ஆமியிடம் பாஸ் கேட்டிருக்கிறேன். இதை எழுதும்வரை கிடைக்கவில்லை.